கோவைத் தெருக்களில் குழுவாக ஸ்கேட்டிங்: புதியவர்களுக்குப் பாதை போடுவது எப்படி?

சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள இன்லைன் ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு மைதானத்தை நூறு முறை சுற்றியவருக்கும் தெருவில் இறங்கும் முதல் நாள் புதிய நாள்தான். மைதானத்தில் தரை மாறாது, குறுக்கே டவுன் பஸ் வராது, யாரும் கதவைத் திறந்துகொண்டு சாலையில் இறங்க மாட்டார்கள். எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஊருக்குள் போய்வர விரும்புகிறவர்கள், பெரும்பாலும் வரைபடத்தில் அழகான இடங்களைத் தேடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். நான் வேறோர் இடத்திலிருந்து தொடங்குவேன். குழுவில் நிற்பதற்கு மிகவும் திணறுகிறவர் யார், அவருக்கு நிற்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று தெரிந்த பிறகே பாதையைப் பற்றி யோசிப்பேன்.

முதல் படி: நிற்கும் தூரத்தை அளத்தல்

புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் வெறிச்சோடிய சிமென்ட் தரை ஒன்றில் எல்லோரையும் வரவழையுங்கள். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொருவரையும் தமக்கு இயல்பான வேகத்தில் வரச் சொல்லி, கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். கோட்டிலிருந்து அவர்கள் நின்ற இடம் வரை காலடியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வந்த அளவுகளில் மிக நீளமானது எதுவோ அதுதான் உங்கள் குழுவின் அளவு. நன்றாக ஓட்டுகிறவரின் அளவு இங்கே பயன்படாது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால், சமதரையில் பத்தடியில் நின்றவர் சரிவில் வேகம் கூடிய பிறகு நாற்பதடியிலும் நிற்க முடியாமல் போகலாம். ஸ்கேட்டின் குதிகாலில் உள்ள ரப்பர் கட்டையான ஹீல் பிரேக்கைக்கூட நம்பிக்கையாகப் பிடிக்க வராதவர் இருந்தால், அந்த வாரம் பயணம் வேண்டாம். பிரேக் பயிற்சியே போதும்.

இரண்டாம் படி: வரைபடத்தில் கோடு போடுதல்

முதல் பயணத்துக்கு ஐந்து கிலோமீட்டர் தாராளம். நடைப்பயிற்சிக்காரர்களுக்குப் பழகிய ரேஸ் கோர்ஸ் வட்டம் ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஐந்து என்பது எவ்வளவு என்று புரியும்.

கோவையில் பாதை போடுகிறவர் நொய்யலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மேற்கே மலையடியில் தொடங்கிக் கிழக்கே ஓடுகிறது என்றால், நிலமும் பொதுவாக அப்படியே சரிகிறது என்று பொருள். வண்டியில் போகும்போது தெரியாத இந்தச் சரிவு, காலில் சக்கரம் கட்டியவுடன் தெரிந்துவிடும். அதோடு, தென்மேற்குப் பருவக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வேகமாக வீசுவதால், ஆடி மாதத்தில் மேற்கு நோக்கிப் போகிறவர் காற்றையும் ஏற்றத்தையும் ஒருசேரத் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே தெம்பு இருக்கும் முதல் பாதியில் மேற்கே போய், களைத்த பிறகு கிழக்கே திரும்புவது எளிது. ஆனால் திரும்பும் வழியில் காற்றும் சரிவும் முதுகைத் தள்ளும் என்பதால், அந்தப் பாதியில் பெரிய சந்திப்பு எதுவும் வராதபடி தெருக்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சந்தேகமிருக்கும் தெருவில் சைக்கிளை ஒருமுறை விட்டுப் பாருங்கள்; காற்றில்லாத நேரத்தில் மிதிக்காமலேயே வேகம் கூடிக்கொண்டு போனால், அது புதியவர்களுக்கான தெரு அல்ல.

அடுத்தது திருப்பங்கள். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால், இடப்பக்கத் திருப்பத்தில் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிட வேண்டியதில்லை. வலப்பக்கத் திருப்பம் ஒவ்வொன்றும் குழுவை நடுச்சாலைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். இடப்பக்கத் திருப்பங்களால் மட்டுமே ஆன சுற்று இடஞ்சுழியாக அமையும். கோயிலை வலம்வந்தே பழகிய நமக்கு இது முதலில் உறுத்தும், ஆனால் சாலைக்கு இதுவே சரி. இரு பக்கமும் போக்குவரத்துள்ள குளத்துச் சாலை ஒன்றை இப்படிச் சுற்றும்போது தண்ணீர் உங்கள் இடப்பக்கம் இருக்கும், அந்தப் பக்கத்திலிருந்து குறுக்குத் தெரு எதுவும் வந்து சேராது. குளக்கரைகளில் போட்டுள்ள நடைபாதைகள் நடப்பவர்களுக்கானவை என்பதால், அங்கே ஸ்கேட்டுக்கு அனுமதி உண்டா என்று காவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மேம்பாலங்களைக் கோட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள அவிநாசி சாலை மேம்பாலம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிவதால் ஆசைப்பட்டுக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலே ஒதுங்கி நிற்க இடமில்லை, இறங்கும் சரிவில் நிறுத்தவும் முடியாது, பாலத்தின் இணைப்பு இடைவெளிகள் சிறிய சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: ஒரு வாரம் முன்பு, அதே நேரத்தில், நடந்து பார்த்தல்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். ஞாயிறு காலை ஆறரைக்குப் போவதாக இருந்தால், முந்தைய ஞாயிறு காலை ஆறரைக்கே நடந்து பார்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை பார்த்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஞாயிறு காலையில் கறிக்கடைகளின் முன்னால் வண்டிகள் இரண்டு வரிசையாக நிற்கும். உழவர் சந்தைக்குப் போகும் சாலைகள் விடிவதற்கு முன்பே நெரிசலாகிவிடும். கல்யாண மண்டபம் உள்ள தெரு முகூர்த்த நாளில் வேறு தெருவாக மாறிவிடும்.

என்னை ஏமாற்றியது இவை எதுவும் அல்ல. என் முதல் தெருப் பயணத்தில், வண்டி நடமாட்டமே இல்லாத ஒரு குடியிருப்புத் தெருவைப் பாதுகாப்பானது என்று நம்பிக் குழுவைக் கூட்டிப்போனேன். விடியற்காலையில் வீடுதோறும் வாசல் தெளித்துக் கோலம் போடுவார்கள் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. தெரு முழுக்க ஈரம். முன்னால் போன இருவர் வழுக்கி விழுந்தார்கள், ஒரு புள்ளிக் கோலமும் அழிந்தது. "ஏங் கண்ணு, ரோடு பூரா ஈரமாக் கெடக்குது, பாத்து வரக்கூடாதா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டதற்கு எங்களிடம் பதிலில்லை. அன்றிலிருந்து ஏழரை மணிக்கு முன்பு குடியிருப்புத் தெருக்களுக்குள் குழுவைக் கொண்டுபோவதில்லை. மார்கழியில் அந்தத் தெருக்களை அறவே விட்டுவிடுகிறேன்.

நடக்கும்போது பார்வை தரையில் இருக்கட்டும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தடத்தில் சக்கரம் அளவே பள்ளம் நீளவாக்கில் ஓடும். அது குறுக்குப் பள்ளத்தைவிட ஆபத்தானது, ஏனென்றால் கால் அதற்குள் சிக்கினால் திருப்ப முடியாது. தெருமுனைகளில் சிதறிய ஜல்லி, மழைக்குப் பிறகு படியும் செம்மண், ஆள்நுழைகுழியின் இரும்பு மூடி, வெள்ளை வண்ணம் அடித்த வேகத்தடை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கும் இடத்தையும் குறியுங்கள். சக்கரச் சத்தம் அவற்றைக் கிளப்பிவிடும் என்பதால் அங்கே வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் ஸ்கேட்டைக் கழற்றிவிட்டு நடப்பது நல்லது. வண்டி வருவது கண்ணில் படும் தூரம், முதல் படியில் அளந்த தூரத்தைப் போல இரண்டு மடங்காவது இல்லாத சந்திப்பை, நான் பாதையிலிருந்து எடுத்துவிடுவேன்.

நான்காம் படி: நிறுத்தங்களும் விலகும் வழிகளும்

கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் வேண்டும். இதற்குக் கொங்கு நாட்டின் பேக்கரிகளைப் போல உதவுவது வேறில்லை. விடிந்ததும் திறந்திருக்கும், முன்னால் நிற்க இடமிருக்கும், டீயும் தண்ணீரும் கிடைக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பக்கத்தில் பேருந்து நிறுத்தமோ ஆட்டோ நிற்குமிடமோ இருந்தால், முடியாதவர் அங்கேயே விலகிக்கொள்ளலாம். அதற்காக எல்லோரும் பையில் செருப்பு வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு 108 என்பதோடு, நிற்கும் இடத்தின் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: குழுவை அடுக்குதல்

பாதையை நடந்து பார்த்தவர் முன்னால் போகட்டும். நன்றாக ஓட்டுகிறவர் கடைசியில் வரட்டும். புதியவர்கள் நடுவில், ஒருவர் பின் ஒருவராக, நிற்கும் தூரத்துக்கு இடைவெளி விட்டு வர வேண்டும். பள்ளத்தையும் வண்டியையும் முன்னால் இருப்பவர் குரல் கொடுத்துச் சொல்ல, ஒவ்வொருவரும் அதைப் பின்னால் கடத்த வேண்டும். சந்திப்பில் எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு ஒரே கூட்டமாகக் கடக்க வேண்டும். பாதிப்பேர் அந்தப் பக்கம், பாதிப்பேர் இந்தப் பக்கம் என்று பிரிந்தால் பின்தங்கியவர் அவசரப்பட்டு இறங்கிவிடுவார். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் இல்லாதவரைச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் விழுகிறவர் முதலில் கையைத்தான் ஊன்றுவார்.

ஆறாம் படி: புறப்படும் காலை

ஜனவரியில் சூரியன் ஆறே முக்கால் வாக்கில்தான் எழுகிறது. வெளிச்சம் வந்த பிறகே புறப்படுங்கள். சாலை ஈரமாக இருந்தால் பயணம் இல்லை. 1994 முதல் பாரிஸில் வெள்ளி இரவுதோறும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஸ்கேட்டில் போகும் பெருங்கூட்டமே மழையென்றால் ரத்து செய்துவிடுகிறது என்றால், நாம் தயங்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் அப்படி ஒரு காலை கைவிட்டுப் போனால் ஸ்கேட் பைக்குள்ளேயே இருக்கட்டும். குடையோடு அதே பாதையை நடந்துவிட்டு வாருங்கள். தண்ணீர் எங்கெங்கே தேங்குகிறது, எந்தப் பள்ளம் தண்ணீருக்கடியில் மறைகிறது என்பதை அன்றுதான் குறிக்க முடியும்.