ஊட்டிக் குளிரில் உயிரியல் பிராக்டிகல்: முதல் வருட மாணவர்களுக்கு

பிராக்டிகல் கையேடுகளில் "அறை வெப்பநிலையில் வைக்கவும்" என்று ஒரு வரி தவறாமல் வரும். எழுதியவர் நினைத்தது 25, 30 டிகிரி. ஊட்டியில் டிசம்பர் காலை ஒன்பது மணிக்கு லேப் மேசைமேல் தெர்மாமீட்டரை வைத்தால் 12 டிகிரியைத் தாண்டாத நாள்கள் உண்டு. செய்முறை "வரவில்லை" என்று மாணவர்கள் சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியில்தான் சிக்கியிருக்கும். கூடலூர் ஆயிரம் மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, அங்கே இவ்வளவு தொல்லை கிடையாது. ஊட்டி, குந்தா, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தாவரவியலோ விலங்கியலோ எடுத்திருப்பவர்கள், கையேட்டில் நேரமும் சூடும் போட்டிருக்கும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டியது அவற்றைத்தான்.

வெங்காய வேர்நுனி

வேர்நுனியில் செல் பிரிவதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் செய்முறை இது. முதல் வருடத்தில் அதிகம் சொதப்புவது இதுதான். தேர்விலும் தப்பாமல் வருகிறது.

வெங்காயத்தின் அடித்தட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய வேர்களைப் பிளேடால் சுரண்டி எடுங்கள். தட்டையே வெட்டிவிட்டால் புது வேர் வராது. வாய் குறுகிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொடும்படி உட்கார வையுங்கள். பாதி வெங்காயம் முழுகினால் அழுகும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். கீழ்நாட்டில் மூன்று நாளில் வேர் இரண்டு சென்டிமீட்டர் வந்துவிடும். இங்கே குளிர்காலத்தில் ஒரு வாரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எட்டத்தில் எரியவிட்டு, உள்ளே 20 முதல் 25 டிகிரி வரை பார்த்துக்கொண்டால் நாள் குறையும். 30-ஐத் தாண்ட விட வேண்டாம். வெங்காயம் முரண்டு பிடித்தால் பூண்டுப் பல் வையுங்கள். அதிலும் குரோமோசோம் 16தான், பார்க்கும் முறையும் ஒன்றுதான்.

வேர் நீளமாக இருப்பதால் மட்டும் செல் பிரிந்துகொண்டிருக்கிறது என்று நம்ப வேண்டாம். ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த வேரில் செல்சுழற்சி மெதுவாகியிருக்கும். ஸ்லைடில் வரிசை வரிசையாக இன்டர்ஃபேஸ் (இன்னும் பிரியத் தொடங்காத) உட்கருக்கள்தான் தெரியும். அதனால் ஒரே நேரத்தில் எல்லா வேரையும் வெட்டாமல் 9, 11, 1 மணிக்கு நாலைந்து வேராக வெட்டித் தனித்தனிக் குப்பியில் போட்டு, நேரத்தை எழுதி ஒட்டுங்கள். எந்தக் குப்பியில் பிரிதல் அதிகம் என்று பார்த்துவிட்டால் தேர்வுக்கு அந்த நேரத்து வேரையே தயார் செய்துகொள்ளலாம்.

போட வேண்டியது, செல்களை அந்த நிலையிலேயே நிறுத்திவைக்கும் கார்னாய் திரவத்தில். அப்ஸல்யூட் (தண்ணீர் கலக்காத) ஆல்கஹால் மூன்று பங்கு, கிளேசியல் (அதேபோலத் தண்ணீர் கலக்காத) அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு. அன்றன்றைக்குக் கலந்ததாக இருக்க வேண்டும். இந்த அமிலத்தின் உறைநிலை 16.6 டிகிரி. ஊட்டிக் குளிரில் பாட்டிலுக்குள் பனிக்கட்டி மாதிரி கெட்டியாக நிற்கும். கெட்டுப்போயிற்று என்று வீசிவிடாதீர்கள். ஸ்பிரிட் விளக்கில் காட்டவும் கூடாது, அதன் ஆவி தீப்பற்றும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பாட்டிலை நிறுத்துங்கள், இளகிவிடும். பாதி உறைந்த நிலையில் மேலே நிற்கும் திரவத்தை மட்டும் ஊற்றி எடுத்தால் அமிலத்தின் அடர்த்தி மாறிவிடும். முழுக்க இளகிய பிறகு குலுக்கிவிட்டு அளந்து எடுங்கள். வேர் 24 மணி நேரம் அதில் ஊறட்டும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றினால் வாரக்கணக்கில் இருக்கும்.

அடுத்து 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 60 டிகிரியில் 5 முதல் 8 நிமிடம். அடர் அமிலம் 8.5 மில்லியைத் தண்ணீரில் விட்டு 100 மில்லியாக்கினால் ஏறக்குறைய சரியாக இருக்கும். தண்ணீரில் அமிலத்தைத்தான் விட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. வாட்ச் கிளாஸை விளக்கில் காட்டிச் சூடாக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்காது. கீழே வைத்த அரை நிமிடத்தில் ஆறிவிடும். வேரைச் சின்னச் சோதனைக்குழாயில் அமிலத்தோடு போட்டு, ஒரு லிட்டருக்குக் குறையாத வெந்நீரில் நிறுத்தி, தெர்மாமீட்டரைக் கூடவே விட்டுவையுங்கள். சூடு போதாவிட்டால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். மிஞ்சினால் நுனி கூழாகி ஊசியில் வராது.

கழுவிவிட்டு அசிட்டோகார்மைன் சாயத்தில் 10, 15 நிமிடம். பிறகு நுனியில் 1 முதல் 2 மில்லிமீட்டரை மட்டும் வெட்டி ஸ்லைடில் வைத்து மிச்சத்தை எறியுங்கள். மனசு வராமல் நீளமாக வைப்பவர்களுக்குத்தான் நீள்செவ்வகச் செல்களாக வருகிறது. அது நீட்சி மண்டலம், அங்கே பிரிதல் நடப்பதில்லை. சதுரமான செல், நடுவே பெரிய உட்கரு, இதுதான் நாம் தேடும் இடம். கவர் ஸ்லிப் போட்டு, தீக்குச்சியின் பின்முனையால் மெல்லத் தட்டி, மடித்த ஃபில்டர் பேப்பர் வைத்துக் கட்டை விரலால் நேர் கீழாக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு திரிந்துவிடும், அந்த ஸ்லைடு அவ்வளவுதான்.

இன்னொன்று. குளிருக்கு ஜன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு அமிலமும் ஃபார்மலினும் திறப்பது இந்த ஊர்ப் பழக்கம். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஒரு ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

கொதிநீர், குக்கர், எச்சில்

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் இங்கே 93 டிகிரிப் பக்கத்திலேயே கொதித்துவிடும். சர்க்கரையைக் கண்டறியும் பெனடிக்ட் சோதனைக்குக் கையேட்டில் மூன்று நிமிடம் என்றால் ஐந்து நிமிடம் வையுங்கள், நிறம் வரும்.

ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் குக்கர்) கவனம் கூடுதலாக வேண்டும். முள் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 121 டிகிரி இருக்காது, சுமார் 117தான். வெளியே காற்றழுத்தம் குறைவு என்பதால் வரும் வித்தியாசம் இது. 15 நிமிடத்தில் இறக்கிய வளர்ப்பு மீடியத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை வந்தால் கை சுத்தமில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அகர் 40 டிகிரிக்குக் கீழே போனதும் உறைய ஆரம்பிக்கும். இங்கே பிளேட்டைத் தேடும் நேரத்தில் ஃபிளாஸ்கிலேயே கட்டிவிடும். ஃபிளாஸ்கை 50 டிகிரித் தண்ணீரில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஊற்றுங்கள்.

எச்சில் அமைலேஸ் சோதனையை மேசைமேல் வைத்துச் செய்தால் அயோடின் நீலம் எளிதில் போகாது. 37 டிகிரித் தண்ணீரில் வைத்தால் நிமிடங்களில் போய்விடும். இரண்டையும் செய்து, இரண்டு நேரத்தையும் வெப்பநிலையோடு ரெக்கார்டில் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவர் ரெக்கார்டிலிருந்து எண்ணை எடுத்துப் போட்டால் எக்ஸ்டர்னல் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

ஸ்பெசிமனுக்குப் பஞ்சமில்லை

இது மட்டும் கீழ்நாட்டு மாணவர்களுக்குக் கிடைக்காத வசதி. கேரட்டை மெல்லியதாகச் சீவித் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் சாயமே இல்லாமல் ஆரஞ்சு நிறக் குரோமோபிளாஸ்ட் தெரியும். உருளைக்கிழங்கை வெட்டிய முகத்தை ஸ்லைடில் தேய்த்தாலே மாவுமணிகள் கிடைக்கும். அவற்றில் வளையங்களின் மையம் ஒரு ஓரமாக ஒதுங்கி இருக்கும். பீன்ஸ் விதையில் மையம் நடுவிலேயே இருக்கும். ஈரச் சுவரில் மார்கான்ஷியா, மரக்கிளையில் தாடி மாதிரித் தொங்கும் அஸ்னியா லைக்கன், சாலையோரத்தில் பிராக்கன் பெரணி என்று பாதி சிலபஸ் வீட்டு வாசலில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் அருமையானது தேயிலை. கொழுந்து வேண்டாம், முற்றிய இலையாக எடுங்கள். நடுநரம்போடு சேர்த்துப் புதுப் பிளேடால் குறுக்குவெட்டு எடுத்து சஃப்ரானின் சாயம் இட்டால், மெல்லிய செல்களுக்கு நடுவே கிளைவிட்ட கல்செல்கள் சிவப்பாக நிற்பது தெரியும். டானின் இருப்பதால் வெட்டு சீக்கிரம் பழுப்பாகும். வெட்ட வெட்டத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

சோலைக்காட்டில் நுழைந்து பறிப்பது சட்டப்படி குற்றம், தாவரவியல் பூங்காவில் பறிப்பதும் கூடாது. குறிஞ்சியில் கை வைக்க வேண்டாம். ஹெர்பேரியத்துக்கு (செடிகளை அழுத்திக் காயவைத்துச் சேர்க்கும் தொகுப்பு) உண்ணிச்செடி, வெள்ளைப் பூ வைத்த யூப்பட்டோரியம், மஞ்சள் பூ மலிந்த ஸ்காட்ச் புரூம் எல்லாம் சாலையோரம் வேண்டிய மட்டும் உண்டு. வெளியிலிருந்து வந்து மலையைப் பிடித்துக்கொண்டவை, பறித்தால் களையெடுத்த புண்ணியம்.

காயவைப்பதுதான் பாடு. ஜூலை மூடுபனியில் செய்தித்தாளே ஈரமாக இருக்கும். ஈரத்தாளை எடுத்து ஈரத்தாளை வைத்தால் நாலாம் நாள் இலை கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். மாற்ற வேண்டிய தாளை முதலில் இஸ்திரி போட்டோ அடுப்பங்கரையில் விரித்தோ காயவையுங்கள். முதல் மாற்றம் 12 மணி நேரத்தில், அப்புறம் ஒரு வாரம் தினமும். மேலும் கீழும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் 60 வாட் பல்பு எரியவிட்டு அதன்மேல் செடிகளை அழுத்தி வைத்த பிரஸ்ஸை நிறுத்தலாம், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். சூட்டைவிடக் காற்றோட்டம் முக்கியம். ஹீட்டர் முன்னால் வைத்தால் இலை முறுகி உதிரும். பூவின் நிறம் காய்ந்ததும் போய்விடும் என்பதால் பறித்த இடத்திலேயே நிறம், தேதி, ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம் நான்கையும் எழுதிவிடுங்கள்.

மைக்ரோஸ்கோப்பை ஈரப்பெட்டியில் பூட்டி வைத்தால் லென்ஸில் பூஞ்சை வலை பின்னும். சிலிக்கா ஜெல் பொட்டலம் கூடவே இருக்கட்டும், நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் வறுத்துத் திரும்பப் போடலாம். பார்க்கும்போது மூச்சுப்பட்டு ஐபீஸ் மங்கினால் சட்டை நுனியால் துடைக்காமல் லென்ஸ் பேப்பரைத் தேடுங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளஸ் டூ புத்தகத்தைப் பழைய கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ரெக்கார்டின் இடப்பக்கத்தில் "ஒளிச்சேர்க்கை", "சவ்வூடுபரவல்" என்று தமிழையும் அதற்கு நேரே கல்லூரியில் சொல்லும் ஆங்கிலச் சொல்லையும் எழுதிக்கொண்டே வந்தால் முதல் செமஸ்டர் முடிவதற்குள் இருநூறு சொல்லாவது பிடிபடும். வைத்திருக்கும் ஸ்பெசிமனை அடையாளம் சொல்லும் ஸ்பாட்டர் கேள்வியில் பெயர் மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். அந்த ஸ்பெசிமனில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மூன்றைக் காரணமாக எழுதுங்கள், படமும் பாகங்களும் பென்சிலில். செமஸ்டர் பிராக்டிகல் அக்டோபர், நவம்பரில் வந்தால் வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டிருக்கும். வெங்காயத்தைப் பத்து நாள் முன்பே பாட்டிலில் ஏற்றிவிடுங்கள், வேரைக் கார்னாயிலிருந்து எடுத்து ஆல்கஹாலில் போட்டுத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.