1.10 பெரிதா, 1.9 பெரிதா? வெர்ஷன் ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரத்தில் என்னிடம் பைதான் படிக்க வரும் பிள்ளைகள் விட்டுப்போன மேற்கோள்குறி, தப்பான ஸ்பெல்லிங் எல்லாவற்றையும் தாங்களே திருத்திக்கொள்கிறார்கள். அதை விடுங்கள். வெர்ஷன் எண் என்று வந்தால் மட்டும் ஒவ்வொரு செட்டும் ஒரே குழியில் விழுகிறது. வெர்ஷனில் 1.9-க்குப் பின்னால் வருவது 1.10, அதுதான் பெரிது.

ஸ்ட்ரிங்காக ஒப்பிடுவது

"1.10.0" பெரிதா, "1.9.0" பெரிதா என்று ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்து வரிசையாகக் கேட்டால், பைதான் 1.9.0-ஐத்தான் காட்டும். எழுத்தெழுத்தாகப் பார்க்கிறது, புள்ளிக்குப் பிறகு இங்கே 1, அங்கே 9, அதோடு தீர்ப்பு. 1.9 வரைக்கும் எல்லாம் சரியாகவே ஓடும், டெஸ்டும் பாஸாகும். எரிச்சலே அதில்தான்.

பாம்பனில் ஒரு சம்மாட்டிக்கு, அதாவது படகு முதலாளிக்கு, டீசல், ஐஸ் கணக்குப் பார்க்க இரண்டு பையன்கள் ஆப் எழுதிக் கொடுத்தார்கள். 1.9.0-இல் டீசல் பில் இரண்டு தடவை ஏறியது. மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவில், விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதே திருத்தி 1.10.0-ஐ சர்வரில் ஏற்றிவிட்டார்கள். போனிலிருந்த ஆப்போ இரண்டையும் ஸ்ட்ரிங்காக ஒப்பிட்டு, தன்னிடம் இருப்பதே புதுசு என்று பேசாமல் இருந்துவிட்டது. எரர் இல்லை, எதுவும் இல்லை.

தடை முடிந்து படகு போய்த் திரும்பியது. டீசலும் ஐஸும் கழித்த பிறகுதானே பங்கு? டீசல் இரட்டிப்பாகக் கழிந்ததில் ஆட்களின் பங்கு இளைத்துவிட்டது. "எத்தனை பேரல் ஊத்துனோம்னு எனக்குத் தெரியாதா, சம்மாட்டி?" என்று டிரைவர் ஜெட்டியிலேயே பிடித்துக்கொண்டார். பையன்கள் 1.10.0-இல் கணக்குப் போடும் புரோகிராம் வரிகளைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது!

ஃபுளோட்டாக மாற்றுவது

ஃபுளோட் என்றால் தசம எண், அதில் 1.10 என்பது 1.1 ஆகிவிடும். யாமல் (YAML) என்னும் செட்டிங்ஸ் கோப்பில் பைதான் 3.10 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் 3.1 ஆவதும் இதனால்தான். 1.9.2-ஐக் கொடுத்தால் எரராவது வரும், அந்த மட்டுக்கும் நல்லது.

புள்ளியை எடுத்துவிடுவது

1.10.0 என்பது 1100, 2.0.0 என்பது 200, புதுசு சின்னதாகிவிடும். வேண்டாம்.

டியூப்பிளோடு நிறுத்திக்கொள்வது

புள்ளியில் பிரித்து, முழு எண்ணாக்கி, டியூப்பிளாக, அதாவது எண்களின் வரிசையாக ஒப்பிட்டால் 1.10 பிரச்சினை தீரும். ஆனால் 1.2-ஐ 1.2.0-விடச் சின்னது என்று சொல்லும், 2.0ஆர்சி1 (2.0rc1, 2.0-க்கு முந்தைய சோதனை வெளியீடு) வந்தால் முழு எண்ணாக்க முடியாமல் விழும். பேக்கேஜிங் (packaging) லைப்ரரியின் வெர்ஷன் கிளாஸ் 1.2, 1.2.0 இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ளும், ஆர்சியை 2.0-க்கு முன்னால் வைக்கும். அதையே போடுங்கள்.

டிஸ்டியூட்டில்ஸ்

பழைய கோட்களில் வெர்ஷன் ஒப்பிட இந்த மாட்யூலைப் (distutils) பார்க்கலாம். பைதான் 3.12-லேயே தூக்கிவிட்டார்கள்.

பைதானின் வெர்ஷனையே பார்ப்பது

சிஸ் வெர்ஷன் (sys.version) ஸ்ட்ரிங்கில் முதல் மூன்று எழுத்தை வெட்டி எடுக்காதீர்கள், 3.12-லும் அது 3.1 என்றுதான் வரும். வெர்ஷன் இன்ஃபோ (sys.version_info) டியூப்பிளாகவே கிடைக்கிறது, 3, 10 என்ற டியூப்பிளோடு நேராக ஒப்பிடலாம்.