பிளாஸ்டிக் பெட்டிக்குக் கிராஃபைட் கவசம் பூசுவது எப்படி?

ரேடியோ ரிசீவர்களை நானே கட்டுகிறேன். பக்கத்தில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஓடினால் போதும், அதன் இரைச்சல் பலவீனமான நிலையங்களை விழுங்கிவிடும். பெட்டியின் உட்புறம் கிராஃபைட் பெயின்ட் பூசினால் இதைப் பெருமளவு அடக்கலாம். ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் கவசம் ஆகாது. பூச்சில் மின்சாரம் எவ்வளவு தாராளமாக ஓடுகிறது என்பதுதான் கணக்கு.

அதனால் பெட்டியைத் தொடும் முன், அதே பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு எடுங்கள். 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு செப்பு டேப் ஒட்டி, இரண்டின் ஓரத்திலும் ஏறும்படி 1 செ.மீ. அகலத்துக்குப் பெயின்ட் பூசுங்கள். காய்ந்ததும் டேப்புகளுக்கு இடையே மல்டிமீட்டரால் அளந்து, வந்த எண்ணை 10ஆல் வகுங்கள். இதுதான் தகட்டுத் தடை, அதாவது பூச்சின் ஒரு சதுரத் துண்டுக்கான மின்தடை. வகுத்தபின் 20 ஓம் வந்தால் சுமார் 20 டெசிபல் தடுப்பு, அதாவது அலையின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குதான் கடக்கும். 50 ஓம் என்றால் 14 டெசிபலைக்கூட எட்டாது. 1 ஓமுக்கு இறங்கினால் 45 டெசிபல். கிராஃபீன், நானோகுழாய் என்று கார்பனின் நுண்வடிவங்களைப் பெயரில் போட்ட பெயின்டையும் இந்தப் பட்டையில் அளந்த பிறகே நம்புவேன்.

பூசும் வேலை எளிது. 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கிராஃபைட் அடியில் தங்கிவிடும், ஆகவே டப்பாவை நன்றாகக் கலக்குங்கள். முதல் பூச்சுக்குக் குறுக்காக இரண்டாவது. நன்கு காய்ந்தபின் மென்துணியால் அழுத்தித் தேய்த்தால் கிராஃபைட் செதில்கள் படிந்து ஒன்றையொன்று நெருங்கும், தடை இன்னும் குறையும். அந்தத் தூள் மின்சாரம் கடத்தும். போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும். முழுக்கத் துடைத்தெடுத்த பிறகே போர்டை உள்ளே வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது மூடியில்தான். இடுக்கு எவ்வளவு மெல்லியது என்பதைவிட எவ்வளவு நீளம் என்பதே முக்கியம். 1 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 30 செ.மீ.; 15 செ.மீ. இடுக்கு ஒரு ஆன்டெனாவாகவே வேலை செய்யும். தொடர்ச்சியான இடைவெளி 1.5 செ.மீ.க்கு மேல் நீளாமல் பார்ப்பது என் வழக்கம். பெயின்ட் மூடியின் விளிம்பிலும் பெட்டியின் விளிம்பிலும் ஏறி, இரண்டும் ஒன்றையொன்று தொடவேண்டும். நடுவே கார்பன் கலந்த சிலிகான் கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் மென்பட்டை) வைப்பது இன்னும் நல்லது. பூச்சை ஒரு செப்பு டேப் வழியாகப் போர்டின் கிரவுண்டோடு இணையுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை இந்தப் பூச்சு தடுக்காது. அதற்கு இரும்புத் தகடு வேண்டும். உள்ளே வைஃபை ஆன்டெனா இருந்தால் அதுவும் அடைபட்டுவிடும். ஈரம் படும் இடத்தில் கிராஃபைட் அலுமினியத்தைத் தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும்.

மூடியபின்னும் இரைச்சல் குறையவில்லையா? மூன்றாவது பூச்சுக்குப் போகாதீர்கள். முதலில் வெளியே வரும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எந்த ஒயரைக் கழற்றும்போது இரைச்சல் அடங்குகிறதோ, அது பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஃபெரைட் வளையம் (ஒயரில் வரும் இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டுங்கள்.