பிக்கப்பின் பின் டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரம்மைக் கழற்றி, அதற்குள் விரிந்து உரசும் ஷூவையும் ஸ்பிரிங்குகளையும் ஓரமாக எடுத்து வைத்து, பிராக்கெட்டை முடுக்கி, டிஸ்க்கைச் சொருகி, அதை இரு பக்கமும் பேடால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரையும் மாட்டியாயிற்று. பளபளவென்று அழகாக இருக்கிறது. பெடலை மிதித்தால் மட்டும் தரை வரை போகிறது. இந்த வேலையைத் தானாகச் செய்து பார்க்கிறவர்களில் பலர் வந்து முழிக்கும் இடம் இதுதான். கண்ணுக்குத் தெரியும் சக்கரப் பக்கத்தை மாற்றிவிட்டு, அதற்குப் பிரேக் ஆயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு, ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றையும் டிரம் காலத்தில் இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள். தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அதற்கும் முன்னால் ஒரு தவறு உண்டு: எதற்காக மாற்றுகிறோம் என்றே தெரியாமல் மாற்றுவது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. அதனால் பாதிக்கு மேற்பட்ட வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. சுமை ஏற்றாத பிக்கப்பில் பின்பக்கத்தின் பங்கு இன்னும் குறைவு. இப்போதுள்ள டிரம்மே சக்கரத்தைச் சுற்றவிடாமல் லாக் செய்யும் அளவுக்குப் பிடிக்கிறதென்றால், டிஸ்க் போட்டாலும் வண்டி நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. அதற்கு மேல் டயரின் பிடிப்புதான் கணக்கு. டிஸ்க்கில் கிடைக்கும் லாபம் வேறு. நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும் பிடிப்பு எளிதில் சோராது. தண்ணீரில் இறங்கி ஏறினால் சீக்கிரம் காய்ந்துவிடும். பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். டொயோட்டாவின் டகோமா பிக்கப் 2023 மாடல் வரை பின்னால் டிரம்மோடுதான் வந்தது. டிரம் மலிவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், மூடிய டிரம்முக்குள் சேறும் கல்லும் அவ்வளவாகப் புகாது, ஹேண்ட் பிரேக்கையும் அதில் சுலபமாக அமைத்துவிடலாம். இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் மேலே படியுங்கள்.

ஆயில் கணக்கு

டிரம்முக்குள் ஷூவைத் தள்ளுவது வீல் சிலிண்டர். அதன் 22 மி.மீ. பிஸ்டனின் பரப்பு சுமார் 3.8 சதுர செ.மீ. ஒரு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் என்றால் 7.6. அதே இடத்தில் 48 மி.மீ. பிஸ்டன் உள்ள காலிப்பர் வந்தால் 18 சதுர செ.மீ. ஷூ நகரும் தூரம் பேடைவிட அதிகம் என்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் பழைய மாஸ்டர் சிலிண்டரில் பின் பிரேக்குக்கு ஆயில் தள்ளும் அறை இந்தக் கூடுதல் தேவைக்குத் திணறலாம். அப்போது பெடல் நீளமாக இறங்கும்.

சரி, பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டுவிடலாமே என்று தாவுவது அடுத்த தவறு. 23.8 மி.மீ. துளையை 25.4 ஆக்கினால் பெடல் குட்டையாகும், உண்மைதான். ஆனால் அதே கால் பலத்துக்கு அழுத்தம் 12 சதவீதம் போல் குறையும். பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. கால் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரும் பழையது, பலவீனமானது என்றால் கேட்கவே வேண்டாம். முன்னும் பின்னும் டிஸ்க் உள்ள, அதே எடைக்காரப் பிக்கப்பின் மாஸ்டர் சிலிண்டர் கிடைத்தால் அதுவே பாதுகாப்பான தொடக்கம். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடின் நீளத்தையும் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் பிஸ்டன் முழுவதும் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே நிற்கலாம்.

ஆயில் தொட்டி விஷயம் இன்னும் நுணுக்கம். டிரம்மில் ஷூ தேய்ந்தால் நட்சத்திரச் சக்கரம் போன்ற அட்ஜஸ்டர் இடைவெளியை நிரப்பிவிடும். தொட்டியில் மட்டம் அவ்வளவாக இறங்காது. டிஸ்க்கில் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், அதன் முதுகுப்பக்கம் ஆயில் நிரம்பும். மேலே சொன்ன காலிப்பரில் இரண்டு பேடுமாகச் சேர்ந்து 10 மி.மீ. தேய்ந்தால் ஒரு சக்கரத்துக்கு 18 மில்லி, இரண்டுக்கும் 36 மில்லி. டிரம்முக்கென்று செய்த குட்டித் தொட்டி இதற்குப் போதாமல் போகலாம். மாதங்கள் கழித்து, பேட் பாதி தேய்ந்த பிறகுதான் இந்தத் தவறு தலைகாட்டும்.

உள்ளே ஒளிந்திருக்கும் வால்வு

பழைய வண்டிகளின் மாஸ்டர் சிலிண்டரில், பின்பக்க பைப் கிளம்பும் வாயிலேயே ஒரு சின்ன ரெசிடுவல் வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் 10 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தத்தை லைனில் பிடித்து வைப்பது அதன் வேலை. டிரம்மில் ஷூவை இழுக்க வலுவான ஸ்பிரிங்குகள் இருப்பதால் இந்த அழுத்தம் ஒன்றும் செய்யாது. காலிப்பரில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ரப்பர் சீல் முறுக்கிக்கொண்டு திரும்புவது மட்டும்தான். அந்த 10 பிஎஸ்ஐ பேடை டிஸ்க்கோடு உரசியபடியே வைத்திருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கினால் பின் ரிம் கொதிக்கும், கருகிய வாடை வரும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பெடலை மிதித்து விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் ஏர் எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் சீறி வந்து சக்கரம் விடுபட்டால், லைனில் அழுத்தம் மாட்டியிருக்கிறது. நிப்பிளைத் திறந்த பிறகும் இறுக்கம் போகவில்லையென்றால் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னையோ ஹேண்ட் பிரேக் கேபிளையோ சந்தேகப்படுங்கள்.

பின்சக்கரம் முதலில் லாக் ஆகக் கூடாது

டிரம்மில் ஷூ தானாகவே டிரம்மோடு இழுபட்டு இறுகும் குணம் உண்டு. அதனால் குறைந்த அழுத்தத்திலேயே நன்றாகப் பிடிக்கும். அந்தக் குணத்தை மனதில் வைத்துத்தான் பழைய வால்வு பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கிறது. டிஸ்க் மாட்டியதும் அதே அழுத்தம் போதாமல் பின் பிரேக் மந்தமாகத் தோன்றும். உடனே பலர் வால்வையே பிடுங்கி எறிந்துவிட்டு நேராகப் பைப் போட்டுவிடுகிறார்கள். இந்த வேலையில் ஆளையே கொல்லக்கூடிய தவறு எது என்றால் இதைத்தான் சொல்வேன். காலிப் பிக்கப்பின் பின்பக்கம் இறகு மாதிரி லேசானது. ஈரச் சாலையில் ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி, வண்டியின் பின்புறம் முன்னுக்கு வரப் பார்க்கும். முன்சக்கரம் லாக் ஆனால் வண்டி நேராகச் சறுக்கும். பின்சக்கரம் லாக் ஆனால் வண்டியே சுழலும்.

பல பிக்கப்புகளில் சேஸிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கம்பி போகும். சுமை ஏறி ஸ்பிரிங் தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடுகிற வால்வு அது. அந்தக் கம்பியைக் கழற்றித் தொங்கவிடுவதும், வயர் போட்டு மேலே கட்டி வைப்பதும் வேண்டாம். வண்டியின் உயரத்தைக் கூட்டியிருந்தால், சுமை இருந்தும் இல்லாத மாதிரி அது நினைத்துக்கொள்ளும். அதற்கேற்பக் கம்பியைத் திருத்த வேண்டும். கையால் திருகும் வால்வு போடுகிறீர்கள் என்றால், பின்பக்க அழுத்தத்தை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கி, ஆளில்லாத திடலில், காலி வண்டியில், குறைந்த வேகத்தில் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள். எல்லா நிலையிலும் முன்சக்கரம்தான் முந்த வேண்டும். சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் விஷயமே வேறு. அதன் கணக்கு பழைய பிரேக்குக்குப் போடப்பட்டது. சக்கர வேகத்தை அளக்க உதவும் சென்சார் வளையத்தைத் தொலைத்துவிட்டு எரிகிற விளக்கை டேப் ஒட்டி மறைப்பது தீர்வாகாது.

ஹேண்ட் பிரேக்

பேட், டிஸ்க், காலிப்பர் எல்லாம் வாங்கிய பிறகு, கடைசியில் ஞாபகம் வருவது இதுதான். வழி இரண்டு. டிஸ்க்கின் நடுக் குழிவுக்குள் ஒரு குட்டி டிரம்மும் ஷூவும் இருக்கும் வகை ஒன்று. காலிப்பருக்குள்ளேயே கேபிள் இழுத்தால் பிஸ்டனைத் தள்ளும் திருகு உள்ள வகை இன்னொன்று. சுமை வண்டிக்கு முதல் வகையே எனக்குப் பிடித்தது. இரண்டாவதில் பிஸ்டனை உள்ளே தள்ள சி-கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளிருக்கும் திருகு நாசமாகிவிடும். அதைச் சுற்றித்தான் இறக்க வேண்டும். பிஸ்டன் முகத்தில் வெட்டு இருந்தால், பேடின் பின்னால் உள்ள குமிழ் அதற்குள் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய கேபிளை எப்படியாவது இழுத்து மாட்டுவதும் ஏமாற்றம்தான். நீளம் பொருந்தினாலும், டிரம்மின் நெம்புகோலுக்குத் தேவையான இழுப்பு வேறு, காலிப்பருக்கு வேறு. லிவர் முழுக்க மேலே வந்தும் வண்டி மெல்ல உருளும். இன்னொரு குறுக்குவழியும் உண்டு: பெடலை மிதித்து ஆயில் அழுத்தத்தையே பூட்டி வைக்கும் லைன் லாக். சூடான ஆயில் ஆறினாலே அழுத்தம் இறங்கிவிடும். சரிவில் அதை நம்பி இறங்கிப் போகாதீர்கள்.

நிப்பிள் எங்கே இருக்கிறது?

எனக்கு நடந்தது இது: பிரேக் லைனில் சிக்கிய ஏரை எடுத்து எடுத்து ஒன்றரை பாட்டில் பிரேக் ஆயில் காலி. பெடல் பஞ்சாகவே இருந்தது. மாஸ்டர் சிலிண்டரைத் திட்டிவிட்டு, வேறு ஒன்றை மாட்டியும் பார்த்தேன். கடைசியில் வண்டிக்கடியில் படுத்து நிமிர்ந்து பார்த்தால், காலிப்பரின் நிப்பிள் கீழ்ப்பக்கம் இருக்கிறது! காற்று மேலே போய் உட்கார்ந்திருக்க, நான் கீழிருந்து ஆயிலை மட்டும் வடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இடது, வலது என்று போட்டிருக்கும் குறியை நம்பித்தான் மாட்டினேன். ஆனால் பிராக்கெட் காலிப்பரை ஆக்சிலுக்கு முன்னால் வைக்கிறதா, பின்னால் வைக்கிறதா என்பதைப் பொறுத்து அந்தக் குறி தலைகீழாகிவிடும். குறி எதுவாக இருந்தாலும் நிப்பிள் உச்சியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக்சிலும் பைப்பும்

டிரம்முக்குப் பின்னால் ஷூவைத் தாங்கும் பேக்கிங் பிளேட் சும்மா ஒரு தகடு அல்ல. சில ஆக்சில்களில் பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் ரீட்டெய்னருக்கும் ஆக்சில் கூடான ஹவுசிங்குக்கும் நடுவே அதுதான் இறுகி நிற்கிறது. அதன் கனமும் புதிய பிராக்கெட்டின் கனமும் ஒன்றில்லையென்றால் பேரிங் ஆடும், அல்லது நெரிபடும். மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளந்துவிட்டு, இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஷிம் தகடு போடுங்கள். டிஃபரன்ஷியலுக்குள் சி வடிவக் கிளிப் தாங்கும் ஆக்சில் என்றால், ஷாஃப்ட் லேசாக உள்ளும் வெளியுமாக நகரும். அதில் இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள ஃபிக்ஸ்டு காலிப்பர் போட்டால், ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டு முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கும். நகரும் காலிப்பரே அதற்கு ஏற்றது.

பைப் நட்டில் கண் வையுங்கள். 10 மி.மீ. இழையுள்ள ஓட்டைக்குள் 3/8 இஞ்ச் நட் லேசாகப் போய்விடும், இறுகுவது போலக்கூட இருக்கும். ஓங்கி மிதிக்கும் அழுத்தத்தில் அந்த இழை பிய்ந்துகொண்டு வரும். கையாலேயே லொடலொடவென்று உள்ளே போகும் நட், நட்டே இல்லை. அதேபோல் பைப் நுனியை விரித்துச் செய்யும் ஃபிளேரில், இரட்டை ஃபிளேரும் குமிழ் ஃபிளேரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. காலிப்பர் நகரும் பொருள் என்பதால் கடைசித் துண்டு ரப்பர் ஹோஸாகத்தான் இருக்க வேண்டும். ஆக்சில் முழுக்கத் தொங்கும்போதும் அது இழுபடக் கூடாது. ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும், உள்ளே துளையுள்ள பான்ஜோ போல்ட்டில், ஹோஸ் முனையின் இரண்டு பக்கமும் புது செம்பு வாஷர்.

பழைய ஷூ தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ரிம்மை மாட்டிக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, காலிப்பரிலோ உள்பக்க பேலன்ஸ் வெயிட்டிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டத்தை மெதுவாகவே வைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் நான்கு ரிம்களின் சூட்டையும் கையை அருகில் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். பின்னால் ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அந்தப் பக்கத்தை அன்றே பிரித்துப் பாருங்கள். அப்புறம் முழுச் சுமை ஏற்றி, சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். வண்டி கட்டையின் மேல் சாய்ந்தால் கேபிள் வேலை இன்னும் முடியவில்லை.