இங்கிலாந்தில் முதல் வீடு: சொலிசிட்டரைத் தேடுவது முதல் சாவி வாங்குவது வரை

இங்கிலாந்தில் விலை பேசி முடித்து, ஏஜென்ட் சரி என்று சொன்ன பிறகும் அந்த வீடு உங்களுடையது அல்ல. இரு தரப்பு ஒப்பந்தமும் கைமாறும் நாள்வரை வாங்குபவரும் விலகலாம், விற்பவரும் விலகலாம். அந்த இடைவெளியைச் சுருக்குவதுதான், வீடு வாங்கும் சட்ட வேலைகளைக் கவனிக்கும் வழக்கறிஞரான சொலிசிட்டரின் திறமை. ஆனால் அவர் பார்ப்பது காகிதங்களை மட்டுமே. நாம் சொல்லாதது அவருக்குத் தெரியாது, நாம் கொடுக்காத தாளை அவர் உருவாக்க முடியாது. முதல்முறை வாங்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும், வரி தவிர மற்றபடி வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தின் நடைமுறை வேறு.

படி 1: வீடு தேடும்போதே ஆளையும் தேடுங்கள்

இந்த வேலையைச் சொலிசிட்டரும் செய்யலாம், வீடு கைமாற்றும் சட்ட வேலைக்கு உரிமம் பெற்ற லைசென்ஸ்டு கன்வேயன்ஸரும் செய்யலாம். முன்னவரை எஸ்ஆர்ஏ (Solicitors Regulation Authority) கண்காணிக்கிறது, பின்னவரைச் சிஎல்சி (Council for Licensed Conveyancers). இரண்டு அமைப்புகளின் இணையதளத்திலும் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். உறவினர் சொன்னார், தமிழ் பேசுகிறார் என்பதற்காக இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள். தமிழில் விளக்கிச் சொல்லும் ஒருவர் கிடைப்பது பெரிய உதவிதான். அது இதற்கு மேல் கிடைக்கும் வசதி.

போனில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எனக்கு வீட்டுக் கடன் தரும் மோர்ட்கேஜ் பேங்க் ஏற்றுக்கொண்ட சொலிசிட்டர்களின் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா? என் ஃபைலை நேரடியாகப் பார்ப்பவர் யார்? அவர் விடுமுறையில் போனால் யார்? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், பேங்க் தனியாக வேறொருவரை வைக்கும். அந்தச் செலவும் தாமதமும் உங்கள் தலையில்.

எஸ்டேட் ஏஜென்ட் ஒருவரைப் பரிந்துரைத்தால், அதற்காக அவருக்குக் கமிஷன் போகிறதா என்று கேளுங்கள். அவர் கைகாட்டும் ஆளையே எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

படி 2: மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்

விளம்பரத்தில் பார்க்கும் தொகை பெரும்பாலும் அவருடைய கூலி மட்டும். அதன்மேல் 20% வாட், அந்த வீட்டைப் பற்றிக் கவுன்சில், தண்ணீர், சுற்றுச்சூழல் பதிவுகளில் விவரம் தேடுவதற்கான கட்டணம், சொத்து உரிமையைப் பதியும் அரசு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் பதிவுக் கட்டணம், பணம் அனுப்பும் கட்டணம் எல்லாம் சேரும். லீஸ்ஹோல்ட் வீடு (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை உள்ள வீடு) என்றாலோ, பெற்றோர் அன்பளிப்பாகப் பணம் தந்தாலோ, லைஃப்டைம் ஐசா என்ற அரசு போனஸ் தரும் சேமிப்புக் கணக்கு இருந்தாலோ தனித்தனியாகக் கூட்டுபவர்கள் உண்டு. இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு விலை கேளுங்கள். வீடு கைநழுவினால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

படி 3: பணம் வந்த வழியைக் காட்டுங்கள்

நம்மவர்களின் ஃபைல்கள் அதிகம் முடங்குவது இங்கேதான் என்பது என் எண்ணம். நம் முற்பணம் ஒரே இடத்தில் சேர்வதில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தது கொஞ்சம், சீட்டு எடுத்தது கொஞ்சம், ஊரில் காணி விற்றது, அண்ணன் தந்தது, நகை விற்றது. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி சொலிசிட்டர் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்டே ஆக வேண்டும். அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு கோபப்படாதீர்கள்.

சேமிப்புக்குக் குறைந்தது ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் தயாராக இருக்கட்டும். ஊரில் நிலம் விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரம், விற்ற பணம் அங்கே கணக்கில் விழுந்த ஸ்டேட்மென்ட், இங்கே பேங்க் வழியாக வந்த ரசீது மூன்றும் வேண்டும். பத்திரம் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். அதை இப்போதே செய்து வைப்பது நல்லது.

பேங்க் இல்லாமல் ஆள்மூலம் பணம் அனுப்பும் உண்டியல் வழியாகப் பணம் எடுக்காதீர்கள். முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்தோ ரொக்கமாகவோ வந்து சேரும் பணத்துக்குப் பின்னால் காட்ட எதுவும் இருக்காது. சீட்டுப் பணமும் அப்படித்தான். எழுத்தில் எதுவும் இல்லாத சீட்டு என்றால், வீட்டுக்கு விலை பேசும் முன்பே சொலிசிட்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி, ஏற்பாரா என்று கேளுங்கள். ரொக்கத்தைச் சிறுகச் சிறுகக் கணக்கில் போட்டு மறைக்கப் பார்த்தால் நிலைமை மோசமாகும்.

குடும்பத்தார் தரும் பணத்துக்கு, இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் பங்கும் கேட்க மாட்டேன் என்ற கடிதமும், தந்தவரின் பாஸ்போர்ட்டும் ஸ்டேட்மென்ட்டும் தேவை. உண்மையில் அது கடன் என்றால் அன்பளிப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணனுக்குப் பங்கு உண்டு என்றால் அதைச் சட்டப்படி எழுதி வைக்க வழி இருக்கிறது. சொன்னால்தான் சொலிசிட்டர் அதைச் செய்து தருவார்.

படி 4: ஊரில் இருக்கும் வீட்டைச் சொல்லுங்கள்

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரியான ஸ்டாம்ப் டியூட்டியில் முதல் வீட்டுச் சலுகை, உலகில் எங்கேயும் ஒருபோதும் வீடு வைத்திராதவர்களுக்கு மட்டும். அப்பா எழுதிவைத்த சென்னை ஃபிளாட்டும் யாழ்ப்பாணத்துச் சீதன வீடும் அந்தக் கணக்கில் வரும். இன்னமும் அந்த வீடு உங்களிடமோ வாழ்க்கைத் துணையிடமோ இருந்து, பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், பொதுவாக இரண்டாம் வீட்டுக்கான 5% கூடுதல் வரியும் வரும்.

2025 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் உள்ள விகிதப்படி 4,00,000 பவுண்ட் வீட்டைப் பாருங்கள். முதல் வீட்டுச் சலுகையோடு வரி 5,000. சலுகை இல்லாவிட்டால் 10,000. கூடுதல் வரியும் சேர்ந்தால் 30,000. இந்த வித்தியாசம் கடைசி வாரத்தில் தெரிய வந்தால் வாங்குவதே நின்றுபோகலாம். வரிப் படிவத்தைச் சொலிசிட்டர் அனுப்பினாலும் அதில் உள்ளதற்குப் பொறுப்பு உங்களுடையது. வேல்ஸில் வரியும் விகிதமும் வேறு.

படி 5: கண்ணால் பார்த்ததை எழுதி அனுப்புங்கள்

சொலிசிட்டர் வீட்டுக்கு வர மாட்டார். மாடியில் லாஃப்ட் அறை, பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறை, பக்கத்து வீட்டோடு பகிரும் பாதை, அகற்றப்பட்ட சுவர் எதையாவது பார்த்தால் படத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். அனுமதியும் கட்டடச் சான்றிதழும் இருக்கிறதா என்று அவர் கேட்பார். லேண்ட் ரெஜிஸ்ட்ரி வரைபடத்தின் சிவப்புக் கோடும் நீங்கள் பார்த்த தோட்டமும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். சுவர் ஈரம், கூரைப் பழுது பார்ப்பது சர்வேயர் வேலை. அவரைத் தனியாக அமர்த்த வேண்டும்.

லீஸ்ஹோல்ட் ஃபிளாட் என்றால் எத்தனை ஆண்டு மிச்சம், சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு, பெரிய பராமரிப்பு வேலை ஏதும் வரப்போகிறதா என்று கேளுங்கள். மிச்சக் காலம் குறைந்து 80 ஆண்டை நெருங்கும் லீஸில் மிகுந்த எச்சரிக்கை தேவை.

படி 6: ஒப்பந்தம் கைமாறும் நாள்

ஒப்பந்தம் கைமாறும் எக்ஸ்சேஞ்ச் அன்று வழக்கமாக விலையில் 10% முற்பணமாகப் போகும். அதன்பின் விலகினால் அந்தப் பணத்தை இழக்க நேரும். எனவே புரியாத எந்த வரியையும் அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், எத்தனை முறை கேட்டாலும் வெட்கமில்லை. கட்டட இன்சூரன்ஸும் பொதுவாக அன்றே தொடங்க வேண்டும்.

பேங்க் கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். மோசடிக்காரர்கள் குறிவைப்பது இந்தத் தருணத்தைத்தான். முதல் நாள் கொடுத்த போன் எண்ணில் கூப்பிட்டு, எண்ணை ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.

வாங்குவது முடிவடையும் கம்ப்ளீஷன் அன்று மீதிப் பணம் போய்ச் சேர்ந்ததும் சாவி கிடைக்கும். இங்கிலாந்தில் 14 நாட்களுக்குள் ஸ்டாம்ப் டியூட்டி கட்ட வேண்டும். பிறகு சொலிசிட்டர் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவுக்கு அனுப்புவார். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பதிவு முடிந்ததும் நகலை வாங்கிப் பெயரைச் சரிபாருங்கள். அப்பா பெயர் முன்னாலும் நம் பெயர் பின்னாலும் மாறி விழுவது நம்மிடையே சகஜம். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இல்லையென்றால் உடனே திருத்தச் சொல்லுங்கள்.