பழைய காரை ஓட்டுவதா, காட்சிக்கு நிறுத்துவதா?

வீட்டில் பழைய அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ இருந்தால், முதலில் அதன் பதிவைப் பாருங்கள். 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவம் மாறாத வண்டியை, 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி ‘விண்டேஜ்’ வகையில் பதிவு செய்யலாம். ஆனால் அதன்பின் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அதைச் சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட விரும்புவோர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

இயன்றவரை ஓட்டுவதே சரி என்பது என் கருத்து. நின்றே கிடக்கும் காரில் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி பிரேக் சிலிண்டர்களை அரிக்கும், ரப்பர் சீல்கள் உலர்ந்துபோகும், டயர்கள் தரையில் படும் இடத்தில் தட்டையாகும். வாரந்தோறும் ஐந்து நிமிடம் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிடும் பழக்கம் (பலர் இதைப் பராமரிப்பு என்றே நம்புகிறார்கள்) கெடுதலையே செய்யும். எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால், எரிதலில் உண்டாகும் நீராவி எஞ்சின் ஆயிலிலும் சைலன்சரிலும் நீராகத் தங்கிவிடுகிறது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறையேனும், வெயில் ஏறுமுன், அரைமணி நேரம் ஓட்டுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், எரிபொருள் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் (உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு) எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

அசல் பெயின்ட்டும் இருக்கைத் துணியும் கலையாமல் எஞ்சிய அரிய வண்டிக்கு மட்டும், கோயம்புத்தூர் ஜிடி கார் அருங்காட்சியகம் போன்ற காட்சியிடமே பொருத்தம். அப்படி நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, டயர்களில் பாரம் விழாதபடி ஸ்டாண்டில் ஏற்றி, பிளாஸ்டிக் உறைக்குப் பதில் பருத்தித் துணியால் மூடுங்கள். சைலன்சர் வாயையும் அடைத்துவிடுங்கள், எலிகளுக்கு அது பிடித்தமான வழி.