செங்காந்தளை வைத்து டாக்கிங் பழகுவோம்

வேதாரண்யம் பக்கம் மணற்பாங்கான வேலிகளில் படரும் செங்காந்தளை டெல்டாக்காரர்கள் அறிவார்கள். கிழங்கு கொடிய நஞ்சு என்பதும் தெரியும். அந்த நஞ்சின் பெயர் கோல்சிசின். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகள் டியூபுலின் புரதத்தால் ஆனவை. கோல்சிசின் அதில் ஒட்டிக்கொண்டு இழையை வளரவிடாது. நம் வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வரும் வின்பிளாஸ்டினும் டியூபுலினைத்தான் பிடிக்கிறது. அது புற்றுநோய் மருந்தாகவே பயன்படுகிறது. கோல்சிசினோ அதற்குக் கொடுக்க முடியாத அளவு நஞ்சு. ஆனாலும் டாக்கிங் (ஒரு மூலக்கூறு புரதத்தில் எங்கே, எப்படி ஒட்டும் என்று கணினியில் கணிப்பது) பழகுவதற்கு அதையே எடுங்கள்; டியூபுலினின் எந்தக் குழியில் அமர்கிறது என்று படிக ஆய்விலேயே பார்த்துவிட்டார்கள்.

கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் தாவரவியல், வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகளே, சாதாரண லேப்டாப் போதும். மென்பொருள் எல்லாம் படிப்பவர்களுக்கு இலவசம்.

முதலில் புரத வடிவங்களைச் சேர்த்துவைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தில், கோல்சிசின் ஒட்டிய டியூபுலினின் 4ஓ2பி (4O2B) என்ற அமைப்பை இறக்குங்கள். மூலக்கூறுகளைப் பார்க்க உதவும் பைமால் (PyMOL) மென்பொருளில் திறந்து ஏ, பி (A, B) சங்கிலிகளை மட்டும் வைத்து, தண்ணீர் மூலக்கூறுகளை நீக்குங்கள். ஏ சங்கிலியின் குவனோசின் ட்ரைபாஸ்பேட்டை மெக்னீசியத்தோடு விட்டுவையுங்கள். அது குழியை ஒட்டியே இருக்கிறது. பி சங்கிலியில் இருக்கும் கோல்சிசினைத் தனிக் கோப்பாக எடுத்துவையுங்கள்.

அடுத்து, வேதிப்பொருள்களின் தளமான பப்கெமிலிருந்து (PubChem) கோல்சிசினின் முப்பரிமாண வடிவத்தைப் புதிதாக இறக்குங்கள். ஆட்டோடாக் டூல்ஸில் ஹைட்ரஜன் சேர்த்து, புரதத்தையும் இதையும் டாக்கிங் மென்பொருள் படிக்கும் பிடிபிக்யூடி (PDBQT) கோப்புகளாக்குங்கள். எடுத்துவைத்த கோல்சிசினின் நடுவே பக்கத்துக்கு 22 ஆங்ஸ்ட்ராம் பெட்டி (தேட வேண்டிய இடத்தின் எல்லை) போட்டு ஆட்டோடாக் வினா (AutoDock Vina) என்ற டாக்கிங் மென்பொருளை ஓடவிடுங்கள்.

இனிதான் பலர் தாண்டிப் போகும் இடம். வினா காட்டும் முதல் நிலையைப் படிகத்துக் கோல்சிசின்மேல் வைத்துப் பாருங்கள். விலகல் 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் உங்கள் அமைப்பை நம்பலாம். இல்லையென்றால் பெட்டியையும் கோப்புகளையும் சரிபாருங்கள். இது தேறாமல் வேறு மூலிகைக்குப் போகாதீர்கள்.

தேறிய பிறகு நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடையோ மஞ்சளின் குர்குமினையோ அதே பெட்டியில் ஓட்டுங்கள். வினா தரும் பிணைப்பு ஆற்றல் (எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு இறுக்கமான பிடி) ஒன்றுக்கு -8.1, இன்னொன்றுக்கு -8.4 என வந்தால் இரண்டாவது சிறந்தது என எழுதிவிடாதீர்கள். வினாவை உருவாக்கியவர்களே 2010இல் குறிப்பிட்ட பிழையளவு மோலுக்கு 2.85 கிலோகலோரி. குர்குமின் பல சோதனைகளில் பொய்யாக நல்ல முடிவு காட்டும் மூலக்கூறு. வாய்வழி உட்கொண்டால் இரத்தத்தில் சேர்வதும் மிகக் குறைவு. இந்த எண்ணை நம்பி யாரும் கீமோவை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கக் கூடாது என்பதால், வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள்.

வினாவின் பதிப்பு, பெட்டியின் நடுப்புள்ளி, சீட் எண் (தேடலைத் தொடங்கிய தற்போக்கு எண்) மூன்றையும் குறித்துவைத்து, செல் வளர்ப்பு ஆய்வகம் உள்ள ஆசிரியரிடம் காட்டுங்கள்.